வரிசை எண் 116

ஹாம்பர்க் துறைமுகத்தின் பயணிகள் பட்டியலில்
நூற்றுப் பதினொன்று:
ஒனுஃப்ரி கிஸ்லிட்சா, முப்பத்தொரு வயது, உழவர்.
அடுத்து மனைவி.
அதற்கடுத்து மூன்று பையன்கள்.
பையன்களுக்கும் கீழே, தங்கை என்று
தெக்லா, பதினாறு.
எங்கள் வீட்டில் யாரும் ஒருமுறைகூடச்
சொல்லிக் கேட்டிராத பெயர்.

கனோராவில், தானியக் கிடங்கின் எடைமேடையில்
எனக்கு இரவு வேலை.
சுமையோடு ஒருமுறை, காலியாக ஒருமுறை;
கழித்தால் வருவது கோதுமை.
லாரிக்கும் லாரிக்கும் நடுவே
பூட்டனைத் தேடுவேன்.

கிஸ்லிட்சா என்றால் காட்டு ஆப்பிள். புளிக்கும்.
இங்கே எந்த அதிகாரி வாயிலும் அது நிற்கவில்லை.
நிலப் பத்திரத்தில் கிஸ்லிக்,
வரிச் சீட்டில் காசில்.
போர் வந்ததும் 'எதிரி நாட்டான்' என்று கொடுத்த அட்டையில்
கெஸ்லிச்.
மாதாமாதம் போலீசுக்கு முன்னால் போய் நின்ற நாட்கள்
ஊதா முத்திரைகளாக இருக்கின்றன.
கையெழுத்து மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றே:
ஒரு பெருக்கல் குறி,
வலது கால் சற்றே நீளம்.

தெக்லாவுக்கு அந்தக் குறிகூடக் கிடையாது.
விடாமல் தேடினேன்.
வின்னிபெக்கில் அகப்பட்டாள்:
தெக்லா கஸ்லிட்ஸ், சலவைக்கூடத் தொழிலாளி, மணமாகாதவள்,
1918 நவம்பர், காய்ச்சல்.
வயதில் இரண்டு வருடம் இடித்தது.
அதை எழுத்தரின் தூக்கக் கலக்கத்தில் சேர்த்துவிட்டேன்.

பதினான்கு பக்கம். இருபது பிரதி.
லோர்ன் மகளின் கல்யாண விருந்தில்
தட்டுக்கு அருகே ஒன்றாக வைத்தேன்.
மெர்ல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.
ஷானன் தன் கைக்குழந்தைக்கு
நடுப்பெயராகத் தெக்லாவை வைத்தாள்.
நான் ஐந்து மணி நேரம் காரோட்டிப் போய்
கல் கூட இல்லாத ஒரு புல்தரையில்
டெய்சிப் பூக்களை வைத்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி.
பனிப்புயல். லாரியே வரவில்லை.
சும்மா இருந்த கை பழைய பட்டியலைப் பெரிதாக்கியது.
காகித மடிப்பின் நிழல் என்று நான் நினைத்திருந்தது
நிழல் இல்லை.
மை.
தெக்லா மேல் ஸ்கேல் வைத்து இழுத்த கோடு.
ஓரத்தில் ஜெர்மனில் ஒரே ஒரு சொல்: கண்.

கண்நோய்க்காரர்களைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள்.
பட்டியலில் ஆறு பேர்,
கப்பலில் ஐந்து.

எல்லோருக்கும் மறுபடி எழுதினேன்:
வின்னிபெக் தெக்லா நம்மவள் அல்ல, தவறு என்னுடையது.
"செத்தவளை ஏன் இன்னொரு தரம் சாகடிக்கிறாய்?"
என்றான் லோர்ன்.
ஷானனிடமிருந்து பதிலே இல்லை.
மூன்று வாரம் கழித்து இரண்டு வரி வந்தது:
பெயரை மாற்றுவதாக இல்லை.
கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள்.

சலவைக்கூடத்துப் பெண்ணைக் கோப்பிலிருந்து எடுத்தேன்,
எறிய மனம் வரவில்லை.
தனி உறையில் போட்டு, பென்சிலால்
'சொந்தக்காரர் வந்தால் கொடுக்கவும்'
என்று எழுதி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று இருக்கிறது.
அதை இருபது பேரில் ஒருவருக்கும் அனுப்பவில்லை.

கப்பல் கம்பெனியின் கணக்கேடு, அதே தேதி.
ஓர் ஆளின் பயணக் கட்டணம்
திருப்பித் தரப்பட்டது என்கிறது.
பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக
ஒரு பெருக்கல் குறி,
வலது கால் சற்றே நீளம்.

அந்தப் பணத்தை அவள் கையில் கொடுத்தாரா,
தன் பையில் போட்டாரா,
அந்த ஏட்டில் அதற்குப் பத்தி இல்லை.

வெளியே ஹார்ன் அடிக்கிறது.
புயல் விட்டிருக்க வேண்டும்.
சுமையோடு ஒரு லாரி மேடையில் ஏறி நிற்கிறது.
முள் இன்னும்
ஆடிக்கொண்டிருக்கிறது.